கடலோர ஈர மண்ணில் மரக்கால் நடுவது: முதல்முறை செய்பவர்களுக்கு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அதற்கு அடுத்த வாரம் எங்கள் தோட்டத்து வேலியைத் திரும்பக் கட்ட உட்கார்ந்தோம். விழுந்து கிடந்த சவுக்குக் கால்கள் எல்லாம் ஒரே இடத்தில் ஒடிந்திருந்தன. தரையோடு ஒட்டிய இடம் அது. மேலே நின்ற பகுதியைக் கோடாலியால் தட்டினால் கணீரென்றது. மண்ணுக்குள் நின்றுவிட்ட அடிக்கட்டைகளைக் கடப்பாரை போட்டு நெம்பி எடுத்தோம். ஈரக் களிக்குள் ஆழமாக இருந்த முனை, கருத்துப் போயிருந்தாலும் உறுதியாகவே வந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரு முழம் மட்டும் விரலால் பிய்க்கும்படி பஞ்சாகிவிட்டிருந்தது.

ஈரமான கடலோர நிலத்தில் மரத்தை நடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதிக்கு மேல் அந்தக் கட்டையிலேயே இருக்கிறது. மேலே இருப்பதைக் காற்று காய வைத்துக் காப்பாற்றுகிறது. கீழே இருப்பதைத் தண்ணீர் காற்றுப் புகாமல் காப்பாற்றுகிறது. இடையில் இருக்கும் அந்த முழத்தைத்தான் நாம் காப்பாற்ற வேண்டும். வேலி, கொட்டகை, மாட்டுத்தொழுவம், உப்பங்கழி ஓரத்தில் படகு கட்டும் முளை என்று நீங்கள் எதற்காகக் கால் நட்டாலும், இந்தக் கட்டுரையில் வரும் வேலைகள் எல்லாம் அந்த ஒரு முழத்தைச் சுற்றியே இருக்கும்.

மரத்தைக் கெடுப்பது எது?

'தண்ணீரில் கிடந்தால் மரம் அழுகிவிடும்' என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். அது பாதி உண்மைதான். மரத்தை மக்க வைப்பது பூஞ்சை. அதற்கு உணவு, ஈரம், காற்று மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும். உணவு மரமே. மரத்தின் ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் வேலை செய்ய முடியாது. 30 சதவீதத்தைத் தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம். ஆனால் மரம் தண்ணீரில் முழுதாக ஊறி, சுற்றிலும் மண்ணும் நீர் கோத்து நின்றால் மூன்றாவது தேவையான காற்று இல்லாமல் போகிறது. ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜனில் முப்பதில் ஒரு பங்குகூட ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்காது. அந்தக் கொஞ்சமும் தீர்ந்துவிட்டால், நிற்கும் நீருக்குள் புதிதாக ஊடுருவும் வேகம் காற்றில் ஊடுருவுவதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு குறைவு. அங்கே பூஞ்சை பிழைக்காது. கரையானும் வராது. ஒருவகை பாக்டீரியா மட்டும் மிக மெதுவாக மரத்தின் மேற்புறத்தை அரித்துக்கொண்டிருக்கும். அந்த அரிப்பை வருடக் கணக்கில் இல்லை, நூற்றாண்டுக் கணக்கில்தான் அளக்க வேண்டும்.

நம் கரையிலேயே இதற்குச் சாட்சி உண்டு. பூம்புகாரை அடுத்த கீழையூரில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல்லால் கட்டிய ஒரு படகுத்துறை வெளிப்பட்டது. அதையொட்டி மரத்தூண்களும் நட்டது நட்டபடி இருந்தன. அந்த மரத்தைக் கார்பன் கணிப்புக்கு அனுப்பினார்கள். கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம் என்று வந்தது. காவிரி முகத்துவாரத்துச் சேறு இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் அந்த மரத்தை வைத்திருந்து கொடுத்திருக்கிறது. எனக்கு இந்த ஊர்ச் சேற்றின் மீது மரியாதை வந்ததே அதைப் படித்த பிறகுதான்.

வெனிஸ் நகரமும் அப்படித்தான் நிற்கிறது. 1902 ஜூலை 14 அன்று அங்கே புனித மார்க் சதுக்கத்து மணிக்கூண்டு இடிந்து விழுந்தது. அதன் அடியில் பல நூற்றாண்டுகளுக்கு முன் அறைந்திருந்த மர முளைகள் நல்ல நிலையில் இருந்தன. அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, சுற்றிலும் புது முளைகளைச் சேர்த்து அடித்தளத்தை அகலப்படுத்தி, 1912-ல் கோபுரத்தைத் திரும்பக் கட்டி முடித்தார்கள்.

அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்தது இதற்கு நேர் எதிர். கடல் சதுப்பைத் தூர்த்து உண்டாக்கிய பகுதியில், ஆயிரக்கணக்கான கட்டிடங்களை மர முளைகள்மேல் எழுப்பினார்கள். பின்னால் வந்த சாக்கடைக் குழாய்களும் சுரங்க வழிகளும் நிலத்தடி நீரை இழுத்துக்கொண்டு போக, முளைகளின் தலைப்பகுதி நீருக்கு வெளியே வந்து காற்றுப் பட்டு மக்கியது. கட்டிடங்கள் விரிசல் விட்டன. நீர் இறங்கியதுதான் அங்கே வந்த வினை. இன்றைக்கும் அந்த நகரத்தில் கண்காணிப்புக் குழாய்கள் போட்டு நீர்மட்டத்தை அளந்துகொண்டே இருக்கிறார்கள்.

முதல் வேலை: மண்ணைப் படிப்பது

மரக்கடைக்குப் போகும் முன் நிலத்தில் ஒரு குழி தோண்டுங்கள். கால் நடப்போகும் ஆழத்தைவிட ஒரு முழம் கூடுதலாகத் தோண்ட வேண்டும். சதுப்பிலும் மணலிலும் குழி சரியும். இடுப்பளவுக்கு மேல் தோண்டுவதாக இருந்தால் தனியாக உள்ளே இறங்காதீர்கள்.

தோண்டும்போதே மண்ணின் நிறத்தைக் கவனியுங்கள். மண்ணுக்குள் காற்று எதுவரை போகிறது என்பதை நிறமே சொல்லிவிடும். இரும்புச்சத்து காற்றுப் பட்டால் துருவாகிச் செம்பழுப்பாக மாறும். காற்றே இல்லாத இடத்தில் சாம்பல் நீலமாகவோ கருப்பாகவோ இருக்கும். மேலே பழுப்பு, கொஞ்சம் கீழே சாம்பல் நிறத்தில் செம்பழுப்புத் திட்டுகள், அதற்கும் கீழே திட்டே இல்லாத சாம்பல் நீலக் களி என்று வந்தால், அந்தத் திட்டுகள் இருக்கும் பட்டையில்தான் நீர் ஏறி இறங்குகிறது. அழுகின முட்டை வாடை அடித்தால் முகத்தைச் சுளிக்க வேண்டாம். காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா, கடல்நீரில் உள்ள சல்பேட்டைத் தின்று விடும் வாயு அது. அந்த ஆழத்தில் உங்கள் மரம் பத்திரமாக இருக்கும். வாடை பலமாக இருந்தால் மட்டும் குழிக்குள் குனிந்து வேலை செய்யாதீர்கள்.

அடுத்தது நீர்மட்டம். நம் கரையில் இதை ஒரு நாளில் முடிக்க முடியாது. வடகிழக்குப் பருவமழையில், கார்த்திகை வாக்கில், நீர் தரையைத் தொடும். வைகாசி, ஆனியில் ஆளுயரத்துக்குக் கீழே போய்விடும். நிலத்திலோ பக்கத்திலோ கிணறு இருந்தால் கயிற்றில் கல்லைக் கட்டி விட்டு மாதம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். கிணறு இல்லையென்றால் ஒரு பிவிசி குழாயில் கீழ்ப் பாதிக்குத் துளைகள் போட்டு மண்ணில் இறக்கி, மழைநீர் நேராக விழாதபடி மேலே மூடிவிடுங்கள். குழாய்க்குள் நிற்கும் நீர்தான் உங்கள் நிலத்தடி நீர். கடலுக்கோ கழிமுகத்துக்கோ மிக அருகில் இருந்தால் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் அளந்து பாருங்கள். ஒரே நாளில் நீர் ஏறி இறங்குவது தெரியும்.

ஒரு வருடம் பொறுக்க முடியாதவர்கள் அக்கம்பக்கத்தில் கேளுங்கள். 'கோடையில் கிணறு எத்தனை உறை இறங்கும்? மழையில் எங்கே நிற்கும்?' என்று கேட்டால், அந்த மண்ணில் வயசானவர்கள் உறைக்கணக்கில் சொல்லிவிடுவார்கள்.

இப்போது உங்களிடம் இரண்டு அளவுகள் இருக்கும். கோடையின் மிகத் தாழ்ந்த நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் மரத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. தரைக்கு மேல் ஒரு சாணிலிருந்து அந்தத் தாழ்ந்த மட்டம் வரை இருப்பதுதான் ஆபத்துப் பகுதி. அதிலும் தரையிலிருந்து கீழே ஒன்றரை அடி வரை உள்ளதுதான் மிக மோசம். ஈரம், சூடு, காற்று மூன்றும் அங்கேதான் சரியான அளவில் கிடைக்கின்றன. சாதாரண வேலிக்கால் இரண்டு, இரண்டரை அடிதான் மண்ணுக்குள் போகும். ஆகவே பெரும்பாலான வேலிகளில் புதைந்த பகுதி முழுதுமே ஆபத்துப் பகுதிதான். 'சேற்றில் மரம் ஆயிரம் வருடம் நிற்கும்' என்பதைக் கேட்டுவிட்டு யாரும் ஏமாந்துவிடக் கூடாது. அது வருடம் முழுக்க நீருக்குள் இருக்கும் மரத்துக்கு மட்டும்தான்.

மரம் வாங்குவது

எந்த மரம் என்பதற்கு முன், மரத்தின் எந்தப் பகுதி என்று கேட்க வேண்டும். வெட்டிய மரத்தின் குறுக்கில் பார்த்தால் நடுவில் கருத்த பகுதி, அதுதான் வைரம். வெளியே வெளுத்த வளையம் வெளிறு. மரம் உயிரோடு இருக்கும்போது வெளிறு வழியாகத்தான் நீர் ஏறும். பூஞ்சைக்கும் பூச்சிக்கும் பிடித்த மாவுச்சத்து அங்கேதான் இருக்கிறது. வைரத்தில் மரம் தனக்குத்தானே நஞ்சு சேர்த்து வைத்திருக்கும். தேக்காகவே இருந்தாலும் வெளிறு வெளிறுதான். இளந்தேக்குக் கழியை வாங்கி நட்டுவிட்டு, 'தேக்கு நட்டும் போய்விட்டதே' என்று வருந்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கழியில் பாதிக்கு மேல் வெளிறாகத்தான் இருந்திருக்கும்.

பனையில் இது தலைகீழ். உறுதி வெளிப்புறத்தில், உள்ளே வெறும் சோறு. தொல்காப்பியத்தின் மரபியல், காழ், அதாவது வைரம், வெளியே இருப்பதைப் புல் என்றும் உள்ளே இருப்பதை மரம் என்றும் பிரிக்கிறது. பனையும் தென்னையும் அந்தக் கணக்கில் புல். கால் நடுகிறவருக்கு இது நேரடியாக உதவும் பாடம். மரமென்றால் வெளிப்புறத்தைச் செதுக்கி வெளிறை எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். பனையென்றால் வெளிப்புறத்தில் உளி படவே கூடாது. உள்ளே இருக்கும் சோற்றைத்தான் வழித்து எடுக்க வேண்டும்.

இந்தியத் தர நிர்ணயத்தில் மரங்களின் நீடிப்பை மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். சிறு மரத்துண்டுகளை வரிசையாகப் பாதி மண்ணில் புதைத்து, எத்தனை மாதம் தாங்குகின்றன என்று பார்ப்பார்கள். பார்ப்பதற்குக் கல்லறைத் தோட்டம் போலவே இருப்பதால் அந்தச் சோதனைக்கே கல்லறைச் சோதனை என்றுதான் பெயர். 120 மாதமும் அதற்கு மேலும் தாங்கினால் முதல் வகுப்பு, 60 முதல் 120 வரை இரண்டாவது, 60-க்குக் கீழே மூன்றாவது. தேக்கின் வைரம் முதல் வகுப்பு. மாமரமும் இலவும் கடைசி. முதல் வகுப்பு என்றாலே சிறு துண்டுக்குப் பத்து வருடம்தான் என்பதைக் கவனியுங்கள். பருமனான கால் அதைவிடக் கூடுதலாக நிற்கும்.

நம் கரையில் கைக்குக் கிடைப்பதைச் சொல்கிறேன். சவுக்கு மலிவு, நேராக இருக்கும், எங்கும் கிடைக்கும். ஆனால் கழியாக வெட்டும் வயதில் அதில் வைரம் ஏறியிருக்காது. எதுவும் பூசாமல் நட்டால் எங்கள் மண்ணில் இரண்டு, மூன்று மழைக்காலம்தான். சீமைக்கருவேலத்தை எல்லோரும் திட்டுகிறோம். நியாயமான காரணங்களும் இருக்கின்றன. ஆனால் முற்றிய சீமைக்கருவேலத்தின் செம்பழுப்பு வைரம் கரையானுக்கும் மக்குவதற்கும் நன்றாக ஈடுகொடுக்கும். நேரான கட்டை கிடைப்பதுதான் கஷ்டம். ஆறடி நேராகத் தேறினால் விடாதீர்கள். நாட்டுக் கருவேலமும் இலுப்பையும் முற்றியதாகக் கிடைத்தால் நல்லவை. முதிர்ந்த பனையின் கருத்த வெளிக்கட்டை மிக நல்லது. ஆனால் கால் நடுவதற்காகப் பனையை வெட்ட வேண்டாம். இடித்த வீட்டுப் பனங்கை, புயலில் விழுந்த பனை இவற்றைத் தேடுங்கள். தென்னை வருடம் முழுக்க நீருக்குள் இருக்கும் வேலைக்கு மட்டும். கேரளத்தின் குட்டநாட்டில் காயலுக்கு நடுவே வரப்புப் போடத் தென்னங்கட்டைகளைத்தான் வரிசையாகச் சேற்றில் அறைந்து, இடையில் களியை நிரப்பினார்கள். அதே தென்னையைத் தரையில் வேலிக்காலாக நட்டால் சீக்கிரம் போய்விடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, வேலி மட்டும்தான் தேவை என்றால் நான் முதலில் சொல்வது இதைத்தான். உயிர்க்கால் நடுங்கள். பூவரசங் கொம்பை மழை தொடங்கும்போது நட்டால் துளிர்த்து வேர் பிடிக்கும். உப்புக்காற்றையும் ஓரளவு உப்பு மண்ணையும் தாங்கும். உயிருள்ள மரத்தைப் பூஞ்சையால் அவ்வளவு எளிதில் தொட முடியாது. கிளுவையும் அப்படியே. வருடம் ஒருமுறை கழித்துவிட்டால் ஆட்டுக்குத் தழையும் ஆச்சு.

காய வைத்தல், மருந்து ஏற்றுதல்

வெட்டியவுடனே பட்டையை முழுதாக உரித்துவிடுங்கள். பட்டைக்கும் மரத்துக்கும் இடையில்தான் பூச்சி முதலில் குடியேறும். அப்புறம் தரையில் படாமல் குறுக்குக் கட்டைகள்மேல் அடுக்கி, நிழலில், காற்றோட்டமாக இரண்டு மூன்று மாதம் காய விடுங்கள். வெயிலில் போட்டால் பிளக்கும். பச்சைக் கட்டைக்கு மேல் தாரைப் பூசுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல், பூசிய பூச்சே மரத்தை அழுக வைத்துவிடும்.

மருந்தில் தரையோடு ஒட்டிய வேலைக்கு நம்பகமானது அழுத்தக் கலனில் வைத்து மருந்து ஏற்றிய கட்டைதான். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த சி.சி.ஏ. கலவையை 1933-ல் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த சொண்டி காமேசம். உலகம் முழுக்க மின்கம்பங்களும் வேலிக்கால்களும் பல பத்தாண்டுகள் நின்றது அவருடைய கலவையால்தான். தாமிரம் பூஞ்சையைத் தடுக்கும், ஆர்சனிக் பூச்சியைத் தடுக்கும், குரோமியம் அந்த இரண்டையும் மழையில் கரையாமல் மரநாரோடு பிணைத்து வைக்கும். ஆர்சனிக் இருப்பதால் அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டு உபயோகத்துக்கு இதை நிறுத்திவிட்டார்கள். நீங்கள் வாங்கினால் முழுதாகக் காய்ந்த கட்டையை வாங்குங்கள். கையுறை இல்லாமல் அறுக்காதீர்கள். அறுத்த தூள் கிணற்றுப் பக்கம் போகக் கூடாது, வெட்டிய துண்டுகளை அடுப்பில் வைக்கவே கூடாது, ஏனென்றால் அந்தப் புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும். காய்கறிப் பாத்திக்கும் மாட்டுத்தொட்டிக்கும் ஆர்சனிக் இல்லாத தாமிர மருந்து ஏற்றிய கட்டையைக் கேளுங்கள்.

மருந்து ஏற்றிய கட்டையை வாங்கிவந்து அடியைக் கூர் செதுக்கி நடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் மருந்து ஏறாத உட்பகுதியை நாமே மண்ணுக்குத் திறந்து கொடுக்கிறோம். நீளத்தை முன்கூட்டியே முடிவு செய்து வாங்குங்கள். அறுத்தே ஆக வேண்டும் என்றால் அறுத்த முகம் மேலே இருக்கட்டும்.

போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் மலிவு, ஆபத்தும் குறைவு, செய்வதும் எளிது. மூங்கிலுக்கு நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது தண்ணீரில் கரையும். ஈர மண்ணில் நட்டால் ஓரிரு மழையில் மருந்து மண்ணுக்குப் போய்விடும். கூரைச் சட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், காலுக்கு வேண்டாம்.

மருந்தே கிடைக்காத இடத்தில் நான் செய்வது இதுதான்: நன்றாகக் காய்ந்த கட்டையில் முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெயை மூன்று கைப் பூசுவேன். பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும். படகுப் பலகைகளுக்கு நம் மீனவர்கள் தலைமுறையாகப் பூசிவந்தது. தோலில் பட்டால் வெந்துபோகும், ஆகவே கையுறை அவசியம். அது காய்ந்ததும் ஆபத்துப் பகுதிக்கு மட்டும், தரைக்கு மேல் ஒரு சாண் வரை, தார் பூசுவேன். அடிமுகத்துக்கு இரண்டு மடங்கு பூச்சு. குழாய்களைச் சேர்த்துக் கட்டி வைத்தது போல மரம் அந்த முகம் வழியாகத்தான் நீரை உறிஞ்சும். இது அழுத்தத்தில் ஏற்றிய மருந்துக்கு ஈடாகாது. சில வருடங்களைக் கூட்டிக் கொடுக்கும்.

அடியைத் தீயில் கருக்கி நடுவது பழைய வழக்கம். கரியைப் பூஞ்சை தின்னாது என்பது சரிதான். ஆனால் கரித்தோலில் விழும் வெடிப்பு வழியாக ஈரமும் பூஞ்சையும் உள்ளே போய்விடும். அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். வண்டியின் கழிவு எண்ணெயில் ஊற வைப்பதை அறவே விட்டுவிடுங்கள். கடலோர மணலில் குடிதண்ணீர் சில அடி ஆழத்திலேயே இருக்கிறது. அந்த எண்ணெய் உங்கள் கிணற்றுக்குத்தான் வரும்.

நடுவது

குழியின் அகலம் காலின் தடிமனைப் போல மூன்று மடங்கு இருக்கட்டும். ஆழம், காலின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. கடல்காற்று நேராக அடிக்கும் இடத்தில் இதைக் குறைக்காதீர்கள். தடித்த முனை கீழே போக வேண்டும்.

எங்கள் முதல் கொட்டகைக்கு ஒவ்வொரு காலையும் சிமெண்ட் கலவையில் நிறுத்தினோம். உறுதியாக இருக்கும் என்று நினைத்தோம். சிமெண்ட் இறுகிய பிறகு மரம் காய்ந்து சுருங்கியது, இரண்டுக்கும் நடுவில் விரிசல் விழுந்தது. மழைநீர் அதில் இறங்கி, போக வழியில்லாமல் கிண்ணத்தில் நிற்பது போல நின்றது. நான்காம் வருடம் கால்களை ஆட்டினாலே அசைந்தன. அதன் பிறகு நான் சிமெண்டுக்குள் மரத்தை நட்டதே இல்லை.

நல்ல முறை எளிது. மணல் நிலமென்றால் குழியின் அடியில் ஒரு சாண் முக்கால் அங்குல ஜல்லி போட்டு, அதன்மேல் காலை நிறுத்தி, சுற்றிலும் ஜல்லியும் மணலும் மாற்றி மாற்றிப் போட்டு, அரை அடிக்கு ஒருமுறை கடப்பாரையின் பின்முனையால் இடித்து இறுக்குங்கள். நீர் வந்த வேகத்தில் இறங்கிப் போகும். அடியில் சாம்பல் நீலக் களி இருந்தால் கணக்கு மாறுகிறது. அங்கே ஜல்லி போட்டால் களிக்குள் நீங்களே ஒரு நீர்த்தொட்டி கட்டியது போல ஆகும். கால் அந்தக் களிக்குள் எட்டுமானால் அடியைக் களியிலேயே இறக்கி, எடுத்த களியையே இறுக்கித் திணியுங்கள். காற்றை அடைப்பதுதான் அங்கே நமக்கு நல்லது. ஜல்லியும் மணலும் மேலே உள்ள ஒன்றரை அடிக்கு மட்டும்.

தரைமட்டத்தில் காலைச் சுற்றி மண்ணைக் கூம்பாக உயர்த்தி, நீர் வெளியே ஓடும்படி விடுங்கள். இலைச்சருகும் மூடாக்கும் காலில் ஒட்டிக் கிடக்கக் கூடாது. காலின் உச்சியைச் சாய்வாக அறுத்துத் தகரமோ ஓட்டுத்துண்டோ கவிழ்த்துவிடுங்கள். மேலிருந்து இறங்கும் மழைநீரும் அந்த ஒரு முழத்துக்குத்தான் போய்ச் சேரும்.

ஆணி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். உப்புக்காற்றில் சாதாரண இரும்பாணி துருப்பிடிக்கும். துரு அதைச் சுற்றியுள்ள மரத்தையும் சேர்த்துக் கெடுக்கும். எவர்சில்வர் ஆணி, இல்லையென்றால் நன்றாகத் துத்தநாகம் தோய்த்த ஆணி. தாமிர மருந்து ஏற்றிய கட்டையில் வெறும் இரும்பாணி இன்னும் வேகமாகப் போகும். கயிறு கட்டி முடியுமென்றால் அதுவே மேல். சோழமண்டலக் கரையில் மசூலாப் படகுகளை ஆணியே இல்லாமல் கயிற்றால்தான் தைத்தார்கள்.

கட்டிடத்துக்கான காலாக இருந்தால், முடிந்தவரை மரத்தை மண்ணில் புதைக்காமலே தப்பிக்கப் பாருங்கள். நம் பழைய வீடுகளின் திண்ணைத் தூண்கள் தரையில் நின்றதில்லை, கருங்கல் மேல் நின்றன. அதே யோசனைதான்: மண்ணுக்குள் கருங்கல் காலோ கான்கிரீட் குட்டைக்காலோ நட்டு, தரைக்கு ஒரு சாண் மேலே மரக்காலை அதோடு பட்டையும் போல்ட்டும் வைத்து இணையுங்கள். ஆபத்துப் பகுதியில் மரமே இல்லாமல் போய்விடும். புயல் இழுக்கும் இழுவைக்கு அந்த இணைப்பு தாங்க வேண்டும் என்பதால், பெரிய கூரையாக இருந்தால் இதை ஒரு பொறியாளரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

கழிமுகத்திலும் உப்பங்கழியிலும்

உப்புநீருக்குள் நேரடியாக நிற்கும் முளைக்கு எதிரி வேறு. புழு போலத் தோன்றினாலும் சிப்பி இனத்தைச் சேர்ந்த கப்பல்புழு, குஞ்சாக இருக்கும்போது ஊசிமுனைத் துளை போட்டு உள்ளே போய், வளர வளர மரத்தைக் குடைந்துகொண்டே போகும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. ஒருநாள் மரம் தேன்கூடு போல உடையும். 1731-ல் நெதர்லாந்தில் கடலை அடைத்து நின்ற கரைகளின் மரக்காப்பைப் பெருமளவில் இதுதான் அழித்தது. அதன் பிறகுதான் அவர்கள் மரத்தை விட்டுக் கல்லுக்கு மாறினார்கள்.

கப்பல்புழுவுக்கும் மூச்சு வேண்டும், ஆகவே சேற்றுக்குள் புதைந்த பகுதியில் அது வாழாது. நீரில் நிற்கும் பகுதி, சேற்றின் மேல்மட்டம் வரை, அதற்கு விருந்து. படகு கட்டும் முளைக்கு மருந்து ஏற்றாத மரத்தை நடுவதாக இருந்தால் அதைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் பொருளாகவே நினைத்துக்கொள்ளுங்கள். அல்லது நீரில் நிற்கும் பகுதிக்கு, சேற்றுக்குள் இரண்டடி வரை இறங்கும்படி தடித்த பிளாஸ்டிக் குழாயை உறையாக மாட்டி, மேலே நீர் புகாமல் அடைத்துவிடுங்கள். உறைக்குள் நிற்கும் நீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் புழு செத்துவிடும்.

வருடம் ஒருமுறை

தை மாதம், மழை ஓய்ந்து மண் இன்னும் இளகியிருக்கும்போது, ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு காலைச் சுற்றியும் ஒரு சாண் ஆழம் மண்ணை விலக்கி, திருப்புளியால் குத்துங்கள். கால் அங்குலத்துக்குள் நின்றுவிட்டால் பயமில்லை. சுலபமாக அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் மெதுவாக இற்றுக்கொண்டிருக்கிறது. மெத்தென்ற பகுதியைச் சுரண்டி எடுத்து, ஒரு வாரம் காய விட்டு, மருந்து பூசி மூடுங்கள். கோடாலியின் பின்புறத்தால் தட்டியும் பாருங்கள். கணீர் என்பதற்குப் பதில் தொப்பென்று கேட்டால் உள்ளே பொந்து விழுந்திருக்கிறது. மண்குழாய் போலக் கரையான் புற்று காலில் ஏறியிருந்தால் உடைத்துவிட்டு, அது எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் பக்கத்தில் கிடக்கும் பழைய கட்டையிலிருந்துதான் வரும்.

எந்தக் காலை எப்போது நட்டீர்கள், என்ன மரம், என்ன பூசினீர்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஐந்தாறு வருடத்தில் உங்கள் மண்ணைப் பற்றி வேறு யாரும் சொல்ல முடியாததை அந்த நோட்டு சொல்லும்.

தோண்டும்போது பழைய மரம் கிடைத்தால்

முகத்துவாரத்து மண்ணில் இது நடக்கக்கூடியதே. கேரளத்தின் பட்டணம் அகழாய்வில் 2007-ல் சேற்றுக்குள்ளிருந்து சுமார் ஆறு மீட்டர் நீளமுள்ள ஆஞ்சிலி மரத் தோணி ஒன்றும், படகு கட்டத் தேக்கால் நட்ட முளைகளும் வெளிவந்தன. பழைய முசிறித் துறைமுகம் அங்கேதான் இருந்தது என்று பலர் கருதுகிறார்கள். உங்கள் குழியிலும் ஆழத்தில், செதுக்கிய தடமோ துளையோ உள்ள கருத்த கட்டை தென்பட்டால் அதை வெளியே இழுக்காதீர்கள். கழுவி வெயிலில் வைப்பது அதைவிட மோசம். அந்த மரத்தின் உள்ளே நாரில் பெரும்பகுதி போய், இடத்தைத் தண்ணீர்தான் பிடித்து வைத்திருக்கும். தண்ணீர் உலர்ந்தால் சில நாளில் சுருங்கி, முறுக்கி, தூளாகிவிடும். சுவீடனில் 1961-ல் கடலடியிலிருந்து எடுத்த வாசா கப்பலுக்குத் தண்ணீரின் இடத்தில் மெழுகு போன்ற ஒரு பொருளை ஏற்ற 17 வருடம் தொடர்ந்து தெளித்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, வேலையை அந்த இடத்தில் நிறுத்தி, ஈரச் சாக்கைப் போர்த்தி, எடுத்த சேற்றையே அதன்மேல் திரும்பத் தள்ளி, ஆழத்தையும் இடத்தையும் குறித்துப் படம் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ மாவட்ட அருங்காட்சியகத்திலோ தகவல் சொல்வது. உங்கள் காலை நாலடி தள்ளி நட்டுக்கொள்ளலாம்.